அந்த உலகத்து அம்மா, நம் அம்மா ஆவாரா?

இணை உலகப் படங்கள் சொல்லும் குடும்பக் கதைகள்

மைல்ஸ் மொராலிஸ் பதறியடித்து வீட்டுக்கு ஓடி வருகிறான். பெற்றோரிடம் வெகு நாளாக மறைத்த ஒரு ரகசியம் அந்தப் பள்ளிக்கூடப் பையனின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது. அம்மா எதிரே வந்து நின்றதும் அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தான்தான் ஸ்பைடர்-மேன் என்று கொட்டிவிடுகிறான். அம்மா அதிர்ச்சி அடைவார், திட்டுவார், கடைசியில் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தவனுக்குக் கிடைப்பது ஒரு குழப்பமான பார்வைதான். ஸ்பைடர்-மேனா, அது யார் என்று கேட்கிறார் அம்மா.

அதே முகம். அதே குரல். ஆனால், அவர் மைல்ஸைப் பெற்ற அம்மா இல்லை. இன்னோர் உலகத்தில், இன்னொரு மைல்ஸுக்கு அம்மா. தன் வாழ்க்கையிலேயே முக்கியமான விஷயத்தைச் சொல்லப் பையன் வீடு தேடி ஓடி வந்தான். வந்து சேர்ந்ததோ வேறு யாரோ வீடு.

2023-ல் வந்த 'ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷன் படத்தின் கடைசிக் கட்டம் இது.

இணை உலகம், மல்டிவெர்ஸ் என்றாலே 'அதெல்லாம் சின்னப் பசங்க பார்க்கிற சண்டைப் படம்' என்று ரிமோட்டை எடுக்கும் பெரியவர்கள் உண்டு. கிராஃபிக்ஸைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால், இந்தப் படங்களில் பெரும்பாலானவை வீட்டுக் கதைகள். அம்மா - மகள் மனஸ்தாபம், கைவிட்டுப் போன பிள்ளை, 'இவரைக் கட்டாமல் இருந்திருந்தால்' என்ற பெருமூச்சு... எல்லாமே எந்த வீட்டிலும் புழங்குகிற சங்கதிகள்தான். அந்தப் படங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியும் எளிமையானது: அம்மாவை அம்மாவாக ஆக்குவது எது? முகமா, சேர்ந்து வாழ்ந்த நாள்களா?

(படங்களின் முக்கியத் திருப்பங்கள் சில இந்தக் கட்டுரையில் வருகின்றன. இனிமேல்தான் பார்க்கப்போகிறோம் என்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.)

பஸ்ஸைப் பிடித்தவரும் விட்டவரும்

இணை உலகம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள 2001-ல் ஜீவா இயக்கிய '12பி' படமே போதும். இன்டர்வியூவுக்குக் கிளம்பும் ஷாம் அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் ஒரு வாழ்க்கை. தவறவிட்டால் இன்னொரு வாழ்க்கை. இரண்டும் ஒரே படத்தில் மாறி மாறி ஓடும். 1998-ல் வந்த 'ஸ்லைடிங் டோர்ஸ்' ஆங்கிலப் படத்தில் பஸ்ஸுக்குப் பதில் லண்டன் பாதாள ரயில். நாம் எடுக்காத முடிவுகள் அழிந்துபோவதில்லை, வேறு எங்கேயோ வேறு ஒரு வாழ்க்கையாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் கற்பனை.

மல்டிவெர்ஸ் என்ற பேச்சே சினிமாவில் இல்லாத 1946-லேயே இப்படி ஒரு படம் வந்துவிட்டது. ஃப்ராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. பண நெருக்கடியில் நொந்துபோன ஜார்ஜ் பெய்லி, தான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்கிறார். ஒரு தேவதூதர் வந்து, ஜார்ஜ் பிறக்காத ஊர் எப்படி இருக்கும் என்று காட்டுகிறார். ஜார்ஜ் ஓடிப்போய் அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திறந்த அம்மாவுக்கு இந்த ஆள் யாரென்றே தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறார். தம்பியோ சிறுவனாக இருக்கும்போதே உறைந்த நீரில் மூழ்கி இறந்துவிட்டான். அன்றைக்கு அவனை இழுத்துக் காப்பாற்ற அண்ணன் இல்லையே!

பிள்ளைகளைப் பறிக்க வந்த தாய்

பிள்ளையை இழந்த தாயிடம், 'இன்னோர் உலகத்தில் உன் பிள்ளை உயிரோடு இருக்கிறது' என்று யாராவது சொன்னால்?

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் தி மல்டிவெர்ஸ் ஆஃப் மேட்னஸ்' (2022) படத்தில் வாண்டாவின் நிலை அதுதான். அவருடைய இரட்டைப் பையன்கள் இந்த உலகத்தில் இல்லை. கனவில் மட்டும் வருகிறார்கள். அந்தக் கனவுகள் உண்மையில் இணை உலகங்களின் காட்சிகள் என்று தெரிந்ததும், குறுக்கே வருபவர்களை எல்லாம் அழித்துக்கொண்டு கிளம்புகிறார். கடைசியில் அந்த வீட்டு ஹாலில் போய் நிற்கிறார். பையன்கள் அவரைப் பார்த்து அலறுகிறார்கள். கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து எறிகிறார்கள். அடிபட்டுக் கிடக்கும் தங்கள் சொந்த அம்மாவிடம் ஓடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா ஏற்கெனவே இருக்கிறார் என்பதை வாண்டா யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் மிரண்டு ஒடுங்குவதைப் பார்த்த பிறகுதான் தான் என்னவாகி நிற்கிறோம் என்று அவருக்கு உறைக்கிறது. அப்போது அடிபட்ட அந்த இன்னொரு வாண்டா எழுந்து வந்து இவர் கன்னத்தைத் தொட்டு, பிள்ளைகள் அன்பாகத்தான் வளர்வார்கள் என்று ஆறுதல் சொல்கிறார். பிள்ளையைப் பறிக்க வந்தவருக்கு, பறிகொடுக்க இருந்த தாய் சொல்லும் ஆறுதல் அது.

இதே தவறை ஓர் அப்பா செய்வதை 2018-ல் வந்த முதல் 'ஸ்பைடர்-வெர்ஸ்' படம் காட்டியது. வில்லன் கிங்பின்னின் மனைவியும் மகனும் அவர் சண்டை போடும் கோலத்தைப் பார்த்துப் பயந்து ஓடியபோது விபத்தில் இறந்தவர்கள். இணை உலகத்திலிருந்து அவர்களைத் திரும்பக் கொண்டுவர நகரத்தையே நாசமாக்கும் ராட்சத மெஷினை ஓட்டுகிறார். அவர்களும் ஒரு கணம் கண்ணெதிரே தோன்றுகிறார்கள். அப்போதும் அவர் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்த மனைவியும் மகனும்கூட அவரைப் பார்த்து மிரண்டு விலகுகிறார்கள். உலகம் மாறினாலும் ஆள் மாறவில்லையே!

காலையில் எழுந்தால் மகள் இல்லை

2018-ல் வந்த ஸ்பானிஷ் படம் 'மிராஜ்'. இயக்கியவர் ஓரியோல் பாலோ. இந்தியில் அனுராக் காஷ்யப் இயக்க, டாப்ஸி நடித்து 2022-ல் 'தோபாரா'வாக வந்ததும் இதே கதைதான்.

கணவர், சின்ன மகள் என்று வாழும் வேரா, புது வீட்டில் கிடைத்த பழைய டி.வி. வழியாக, 25 வருடங்களுக்கு முன் அதே வீட்டில் இருந்த ஒரு சிறுவனைப் பார்க்கிறார். 1989-ன் ஒரு புயல் இரவில் அவன் சாகப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். எச்சரிக்கிறார். பையன் பிழைத்துக்கொள்கிறான்.

மறுநாள் எல்லாம் மாறியிருக்கிறது. நர்ஸாக இருந்த வேரா இப்போது பெயர்பெற்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர். குடும்பத்துக்காகப் படிப்பையும் வேலையையும் விட்டுக்கொடுத்த எத்தனையோ பெண்கள், 'அன்றைக்கு விடாமல் இருந்திருந்தால்' என்று நினைத்துப் பார்க்கும் வாழ்க்கை. ஆனால், வேரா அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கு ஒரே கேள்விதான்: என் மகள் எங்கே? கணவருக்கு வேறு மனைவி. அப்படி ஒரு குழந்தை பிறந்ததாகவே எங்கும் பதிவில்லை. ஊரே அவரை மனநிலை சரியில்லாதவர் என்கிறது.

மகள் வேண்டும் என்றால் பழையபடி எல்லாம் திரும்ப வேண்டும். பழையபடி திரும்பினால் அந்தப் பையனின் கதி? அவனைப் பெற்றவளும் ஒரு தாய்தானே! படம் இங்கே த்ரில்லர் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது.

பட்டன் கண் அம்மா

பெரியவர்களுக்கு மட்டும்தான் வேறு குடும்பம் பற்றிய ஏக்கம் வருமா? 'எதிர் வீட்டு ஆன்ட்டி எவ்வளவு நல்லவங்க தெரியுமா' என்று சொல்லாத குழந்தை உண்டா?

நீல் கெய்மன் எழுதிய கதையிலிருந்து ஹென்றி செலிக் இயக்கிய 'கோரலைன்' (2009), அப்படி ஒரு சிறுமியைப் பற்றியது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் தோட்டக்கலை கேட்லாக் எழுதுகிறவர்கள். செடிகொடிகளைப் பற்றி நாளெல்லாம் டைப் அடிப்பார்கள். மகளோடு தோட்டத்தில் இறங்கி மண்ணைத் தொட நேரமில்லை. மகள் கூப்பிட்டாலும் தலை நிமிராது. இன்று கம்ப்யூட்டருக்குப் பதில் போனை வைத்துக்கொண்டால் இது பல வீட்டுக் காட்சி.

சுவரில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் இன்னொரு வீடு. அங்கே இன்னோர் அம்மா. சுடச்சுட சமைத்துப் போடுகிறார், விளையாடுகிறார், அவள் கேட்டதெல்லாம் செய்கிறார். ஒரே வித்தியாசம், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டன்கள். அங்கேயே தங்கிவிட வேண்டும் என்றால் கோரலைனின் கண்களிலும் பட்டன் தைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த இன்னோர் அம்மாவுக்கு கோரலைன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. பொம்மையின் மேல் குழந்தைக்கு இருக்கும் ஆசை அது. தனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்வது, அலுத்தால் தூக்கிப் போடுவது. நிஜ அம்மா முகம் சுளிப்பார், சலித்துக்கொள்வார். ஆனால், மகளை மகளாக இருக்க விடுகிறார். முடிவில் பெற்றோர் ஒரேயடியாக மாறிவிடுவதும் இல்லை. கடையில் வாங்கித் தர மறுத்த கலர் கையுறையை அம்மா சத்தமில்லாமல் வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு கையுறையே மகளுக்குப் போதுமாக இருக்கிறது. (சின்னக் குழந்தைகள் பயந்துவிடக்கூடிய காட்சிகள் உண்டு. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.)

ஒரு தக்காளி டின்

'தி ஃப்ளாஷ்' (2023) படத்தில் உலகங்களைக் குழப்பிவிடுவது அணுகுண்டு இல்லை, ஒரு தக்காளி டின். பேரி சிறுவனாக இருந்தபோது, கடையில் அம்மா அதை வாங்க மறந்துவிட்டார். அதை வாங்க அப்பா வெளியே போன நேரத்தில் வீட்டில் அம்மா கொல்லப்பட்டார். பழி அப்பா மேல் விழுந்தது. மின்னல் வேகத்தில் ஓடிக் காலத்தையே கடக்கும் சக்தி வந்ததும், பேரி செய்யும் காரியம் அந்த டின்னை அம்மாவின் வண்டியில் வைப்பதுதான். அம்மா பிழைக்கிறார். ஆனால், அது வேறு உலகமாகிவிடுகிறது. அங்கே அதைக் காப்பாற்ற சூப்பர்மேன் இல்லை.

கடைசியில் அதே சூப்பர் மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போய், வைத்த டின்னை மகனே எடுக்க வேண்டும். பக்கத்தில் அம்மா நிற்கிறார். வளர்ந்த மகனை அடையாளம் தெரியாமல், கண் கலங்கி நிற்கும் யாரோ ஓர் இளைஞன் என்று நினைத்து ஆறுதலாகப் பேசுகிறார். அவரைப் பொறுத்தவரை அவன் அந்நியன். ஆனாலும் பேச்சில் வருவது ஒரு தாய்தான். இத்தனை பெரிய பட்ஜெட் படத்தில் மனதில் நிற்பது இந்தக் கடைக் காட்சிதான்.

மாமனாரின் கதை

கல்யாண வாழ்க்கையில் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. 2020-ல் அஷ்வத் மாரிமுத்து இயக்கிய 'ஓ மை கடவுளே' அதைக் கையில் எடுத்தது. சின்ன வயதுத் தோழியையே கட்டிக்கொண்ட அர்ஜுன், விவாகரத்து கேட்டு கோர்ட் படியேறுகிறான். கடவுளாக வரும் விஜய் சேதுபதி அவனுக்கு இன்னொரு வாய்ப்புச் சீட்டு கொடுக்கிறார். இந்த முறை அவன் அனுவைக் கட்டிக்கொள்ளவில்லை.

இந்தப் படத்தின் நல்ல பகுதி காதலைவிட மாமனார் சம்பந்தப்பட்டது. முதல் வாழ்க்கையில் மாமனாரின் டாய்லெட் தயாரிப்பு கம்பெனியில் வேலை பார்ப்பது அர்ஜுனுக்கு அவமானம். இரண்டாவது வாழ்க்கையில், மாப்பிள்ளை என்ற முறுக்கு இல்லாமல், அனுவின் நண்பனாக மட்டும் அதே மனிதரின் எதிரில் உட்காருகிறான். அந்தத் தொழிலை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கதையை எம்.எஸ்.பாஸ்கர் சொல்லச் சொல்லத்தான் அவனுக்குத் தலை குனிகிறது. முதல் வாழ்க்கையிலும் அந்தக் கதை அங்கேயேதான் இருந்தது. இவன்தான் கேட்கவில்லை.

2000-ல் நிக்கோலஸ் கேஜ் நடித்த 'தி ஃபேமிலி மேன்' இன்னொரு கோணம். பணக்கார பிரம்மச்சாரி ஒருவர், ஒரு கிறிஸ்துமஸ் காலையில் பழைய காதலிக்குக் கணவராக, இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவாகக் கண் விழிக்கிறார். மனைவிக்கே பிடிபடாத வித்தியாசம் சின்ன மகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. இது என் அப்பா இல்லை, வேற்றுக்கிரகவாசி என்று முடிவுகட்டி, அப்பாவாக இருப்பது எப்படி என்று அவளே சொல்லிக்கொடுக்கிறாள். நாள் போகப் போக, 'அப்பா திரும்பி வந்துட்டார்' என்றும் அவளே தீர்மானிக்கிறாள். ஆள் மாறவில்லை, செய்கிற வேலைகள் மாறின.

சலவைக்கடை அம்மா

இந்த வரிசையில் உச்சம், 2022-ல் வந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்'. டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட் இருவரும் சேர்ந்து இயக்கியது. 2023 ஆஸ்கர் விழாவில் சிறந்த படம் உட்பட 7 விருதுகளை அள்ளியது. சிறந்த நடிகை விருதை வாங்கிய முதல் ஆசியப் பெண் என்ற பெருமை இதன் மூலம் மிஷெல் யோவுக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் சலவைக்கடை நடத்தும் சீனக் குடும்பம். அம்மா எவ்லின் முன்னால் வரி ரசீதுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. சக்கர நாற்காலியில் வயதான அப்பா. பேச நேரம் கிடைக்காததால் விவாகரத்துப் பத்திரத்தோடு சுற்றும் நல்ல கணவர். தான் காதலிக்கும் பெண்ணைத் தாத்தாவுக்கு அறிமுகப்படுத்த வந்து நிற்கும் மகள் ஜாய். எவ்லின் அப்பாவிடம் கான்டனீஸ், கணவரிடம் மாண்டரின், மகளிடம் உடைந்த ஆங்கிலம் பேசுகிறார். மூன்று தலைமுறை, மூன்று மொழி, நடுவில் ஒரு பெண். மகளின் காதலியைத் தாத்தாவிடம் 'நல்ல சிநேகிதி' என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறார். மகள் முகம் வாடுகிறது. சமாதானமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்த அம்மா, 'குண்டாயிட்டே, பார்த்துச் சாப்பிடு' என்கிறார். எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் இதைத்தானே சொல்வார்!

பிறகு எவ்லினுக்குத் தன் மற்ற வாழ்க்கைகள் தெரியவருகின்றன. காதலனோடு ஊரை விட்டு வராத உலகில் அவர் பெரிய சினிமா நட்சத்திரம். இன்னொன்றில் சமையல் கலைஞர். எல்லா உலகங்களையும் அழிக்கத் துடிக்கும் வில்லியாக வருவது யார் என்றால், அவர் மகள்தான். இன்னோர் உலகத்தில் விஞ்ஞானியான எவ்லின், மகளின் திறமையை வளர்க்கிறேன் என்று எல்லை தாண்டி விரட்டியதில் மனம் சிதறிப்போனவள். 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு' என்று பிள்ளைகளைத் துரத்தும் பெற்றோருக்கு இதைவிட வலிக்கும்படி யாரும் சொன்னதில்லை.

அந்த மகள் உலகம் உலகமாக அம்மாவைத் தேடி வருவது கொல்வதற்காக இல்லை. தான் பார்த்த வெறுமையைத் தன்னோடு சேர்ந்து பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அம்மாவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான்.

நட்சத்திரமாக, செல்வாக்காக எங்கும் இருந்திருக்கலாம் என்று தெரிந்த பிறகும் எவ்லின் தேர்ந்தெடுப்பது, அழுக்குத்துணி மூட்டைகள் நடுவே மகள் இருக்கும் இந்த வாழ்க்கையை. சமாதானம்கூட இனிமையான பேச்சாக வருவதில்லை. போன் பண்ணுவதில்லை, குண்டாயிட்டே என்று பழைய குறைகளையே அடுக்கிவிட்டு, ஆனாலும் உன்னோடு இருக்கத்தான் எனக்குப் பிடிக்கிறது என்கிறார். தாத்தாவிடமும் இந்த முறை மறைக்காமல், மகளின் காதலி என்றே சொல்கிறார்.

கணக்குப் போட்டவரின் வீடு

இந்தப் படங்களுக்கெல்லாம் அடிப்படையான யோசனையை அறிவியலில் முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஹியூ எவரெட். அணுவுக்குள் இருக்கும் துகள் ஒன்று, அளந்து பார்க்கும்வரை பல நிலைகளில் இருக்கலாம். அளந்தால் ஒன்று மட்டுமே தெரியும். மற்றவை என்னவாகின்றன? எல்லாமே நடக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையில் என்றார் எவரெட். 1957-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் கொடுத்த விளக்கம் இது. சினிமாவில் வருவதுபோல ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அவர் கணக்கில் வழியில்லை.

அன்றைய பெரிய விஞ்ஞானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. எவரெட் ஆராய்ச்சியை விட்டு, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் வேலைக்குப் போனார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். 1982-ல், 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். படுக்கையில் அவரை முதலில் பார்த்தது 19 வயது மகன் மார்க். மூச்சு வரவைக்க அப்பாவின் உடலைத் தொட்டபோதுதான், அதற்கு முன் அவரைத் தொட்டதாகவே தனக்கு நினைவில்லை என்று மார்க்குக்கு உறைத்ததாம். பிற்பாடு தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதியிருக்கிறார்.

மார்க் எவரெட், 'ஈல்ஸ்' என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் ஆனார். அக்கா 1996-லும் அம்மா 1998-லும் இறந்துவிட, அந்த வீட்டில் மிஞ்சியவர் அவர் மட்டும். 2007-ல் பி.பி.சி. எடுத்த 'பேரலல் வேர்ல்ட்ஸ், பேரலல் லைவ்ஸ்' ஆவணப்படத்தில், அப்பா யார் என்று தெரிந்துகொள்ளக் கிளம்புகிறார். அப்பா படித்த பிரின்ஸ்டனுக்குப் போகிறார். அப்பாவின் நண்பர்களைச் சந்திக்கிறார். வீட்டில் இருந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததை, இயற்பியல் பேராசிரியர்களிடம் பாடமாகக் கேட்கிறார்.

வீட்டின் அடித்தளத்து அறையில் கிடந்த பழைய ஒலிநாடாக்களும் அதில் வருகின்றன. 1977-ல் தன் வீட்டில் நண்பர் ஒருவரிடம் எவரெட் அந்தப் பல உலகக் கணக்கைப் பற்றிப் பேசியது பதிவாகியிருக்கிறது. பேச்சுக்குப் பின்னால் வேறொரு சத்தமும் கேட்கிறது. யாரோ ட்ரம்ஸ் வாசிக்கிறார்கள். அது பக்கத்து அறையில் சிறுவன் மார்க்.

எண்ணிலடங்கா உலகங்களைப் பற்றி அப்பா பேசிக்கொண்டிருக்க, மகன் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் நடுவில் இருந்தது வீட்டுச் சுவர் ஒன்றுதான். அதைத் தாண்ட எந்த மெஷினும் தேவைப்பட்டிருக்காது.